அந்தியேட்டி வரை நின்ற மகன்: அமெரிக்க இராணுவம் என்ன செய்யும்?

வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 56 வயதுத் தாய் ஒருவர் கொப்பித் தாளில் இரு பக்கமும் நிரப்பி எழுதிய கடிதம் இது. ஊரையும் வேறு சில விவரங்களையும் அவருடைய சம்மதத்துடன் மாற்றியிருக்கிறேன்.

அவருடைய மூத்த மகனுக்கு வயது 27. கிரீன் கார்ட் குலுக்கலில் தெரிவாகி அமெரிக்கா போனவர். நியூ ஜேர்சியில் தாய்மாமன் வீட்டில் தங்கி, பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலை செய்து, பிறகு அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தார். சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. படையில் இருந்தபடியே அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்தது. இந்த ஆண்டு அவருக்குச் சரியாக அமையவில்லை. வேலைக்குப் பிந்தி வந்தது, சார்ஜன்டை எதிர்த்துப் பேசியது என்று இராணுவச் சட்டத்தின் 15ஆம் உறுப்புரையின் கீழ் தண்டனை கிடைத்தது. ஒரு படி பதவி இறக்கினார்கள், சம்பளத்திலும் வெட்டினார்கள். "உன்னை வெளியே அனுப்பக் கடதாசி வேலை நடக்கிறது" என்று சார்ஜன்ட் சொல்லியும் இருக்கிறார்.

அந்த நேரத்தில் இங்கே தந்தை மாரடைப்பால் காலமானார். மரணச் செய்தியைச் செஞ்சிலுவைச் சங்கம் உறுதிப்படுத்த, 21 நாள் அவசர விடுமுறை கொடுத்தார்கள். மகன் வந்து கொள்ளி வைத்தார். விடுமுறை முடிந்த நாளில், கீரிமலையில் செய்யும் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. "கொள்ளி வைத்த பிள்ளை கீரிமலைக்கு வராமல் பிளேன் ஏறுவதா?" என்று பெரியப்பா கேட்டார், உறவு முழுவதும் அதையே கேட்டது. மகன் நின்றுவிட்டார். அந்தியேட்டி முடிந்த பிறகும் அவர் போகவில்லை. அமெரிக்க சிம்மைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, தந்தையின் அறையிலேயே நாள் முழுவதும் படுத்திருக்கிறார். கடிதம் எழுதிய அன்று, விடுமுறை முடிந்து 17 நாள்.

தாய் கேட்பவை இவை. திரும்பிப் போனால் சிறையா? சுட்டுவிடுவார்கள் என்று ஒருவர் சொல்கிறாரே? போகாமல் பிறந்த ஊரிலேயே இருந்துவிட்டால் என்ன? ஒரு மருத்துவச் சான்றிதழ் எடுத்து அனுப்பலாமா? எப்படியும் நீக்கப் போகிறார்கள் என்றால் அவர்கள் பாட்டுக்கு நீக்கட்டும் என்று விட்டுவிடலாமா? தோட்டக் காணியை ஈடு வைத்து அங்கே ஒரு சட்டத்தரணியைப் பிடிக்க வேண்டுமா?

அம்மா, கடிதம் கையில் கிடைத்த அன்றே, அவசரமானதைத் தொலைபேசியில் உங்களிடம் சொல்லிவிட்டேன். "வீட்டில் எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுத்தில் தாருங்கள்" என்று கேட்டீர்கள். அதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். அமெரிக்காவில் குடிவரவு வழக்குகள் பார்த்த காலத்தில் படையில் இருந்த பலருடைய கோப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆனால் அந்நாட்டு இராணுவ நீதிமன்றத்தில் வாதாடும் சட்டத்தரணி நான் அல்லன். அந்தச் சட்டத்தரணி உங்கள் மகனுக்கு இலவசமாகவே கிடைப்பார். அதைப் பின்னால் சொல்கிறேன். இங்கே நான் சொல்வது, அவரிடம் போய்ச் சேரும்வரை நீங்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை.

முதலில் உங்கள் பயத்தைப் பேசுவோம். படையை விட்டு ஓடியவருக்கு மரண தண்டனை என்பது போர்க்காலத்துக்கு மட்டும் எழுதப்பட்ட விதி. அந்தக் குற்றத்துக்காக அமெரிக்கா கடைசியாக ஒருவரைச் சுட்டது 1945 ஜனவரியில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பிரான்சில். எட்டி ஸ்லோவிக் என்ற படைவீரர் அவர். அதற்குப் பிறகு கொரியா, வியட்நாம், ஈராக் என்று எத்தனையோ போர்கள் வந்துபோயின, ஆயிரக்கணக்கானோர் படையை விட்டு ஓடினார்கள், ஒருவரையும் சுடவில்லை. உங்கள் மகனுடைய விடயம் அந்தப் பேச்சுக்குப் பக்கத்திலேயே வராது. இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தியவரிடம் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

முப்பதாம் நாள்

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அது நாட்கணக்கு.

அமெரிக்கப் படையினர் எல்லோருக்கும் பொதுவான இராணுவ நீதிச் சட்டக்கோவை 1950இல் இயற்றப்பட்டது. அதன் 86ஆம் உறுப்புரை அனுமதியின்றிச் சமூகமளிக்காமல் இருப்பதைப் பற்றியது. படையினர் இதை 'ஏவோல்' என்பார்கள். மூன்று நாளுக்கு மேல், 30 நாளுக்கு உட்பட்ட ஏவோலுக்கு இராணுவ நீதிமன்றம் கொடுக்கக்கூடிய உச்ச தண்டனை ஆறு மாதச் சிறையும் அந்த ஆறு மாதத்துக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இழப்பும். இது உச்ச அளவு மட்டுமே. பழைய குற்றம் பெரிதாக இல்லாதவர், தந்தையின் மரணத்துக்குப் போனவர், தானாகவே திரும்பி வந்தவர் என்றால் விடயம் நீதிமன்றம் வரை போகாமல், கட்டளை அதிகாரி மீண்டும் ஒரு 15ஆம் உறுப்புரைத் தண்டனையோடு முடித்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. மேலதிக வேலை அதிகபட்சம் 45 நாள், இரண்டு மாதத்துக்குப் பாதிச் சம்பள இழப்பு, பதவி இறக்கம் என்ற அளவில் அது இருக்கும்.

30 நாளைத் தாண்டினால் கதையே வேறு. உச்ச தண்டனை ஓராண்டுச் சிறையாகும். தானாக வராமல் பிடிபட்டால் 18 மாதம். அதோடு, படையிலிருந்து வெளியேற்றும் முறைகளில் மிக மோசமான 'அவமதிப்பு விடுவிப்பு' என்பதையும் நீதிமன்றம் கொடுக்கலாம். 30 நாளுக்கு உட்பட்ட ஏவோலுக்கு மட்டும் அப்படியொரு விடுவிப்பைக் கொடுக்கவே முடியாது. இந்தக் கோட்டின் அருமை அதுதான். இன்னொன்றும் நடக்கும். 30 நாள் ஆனதும் படைப்பிரிவின் பெயர்ப்பட்டியலிலிருந்து அவரை நீக்கி, தப்பியோடியவர் என்று பதிந்து, கைது செய்யும்படி அமெரிக்கப் பொலிஸாரின் பொதுத் தரவுத்தளத்துக்கு விவரம் அனுப்புவார்கள். அதன் பிறகு நியூ ஜேர்சியில் வாகனம் ஓட்டும்போது சாதாரணச் சோதனைக்கு மறித்தால்கூட விலங்கு விழலாம்.

திரும்பும் எண்ணமே இல்லாமல் ஓடிவிட்டார் என்று நிரூபித்தால் அது 85ஆம் உறுப்புரைக் குற்றம். தானாக வந்தால் இரண்டு ஆண்டு வரை, பிடிபட்டால் மூன்று ஆண்டு வரை சிறை. இங்கே நாட்கணக்கைவிட எண்ணத்துக்குத்தான் நிறை. கழற்றி அலுமாரியில் வைத்த சிம்மை அரசதரப்புச் சட்டத்தரணி எப்படிக் காட்டுவார் என்று யோசியுங்கள். அதை உடனே திரும்பப் போடும்படி தொலைபேசியில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் கடிதத்தின் தேதிப்படி அந்த முப்பது நாளுக்கு மிச்சம் 13 நாள். கடிதம் வந்து சேர்ந்ததில் அதிலும் சில நாள் போய்விட்டது.

"பிறந்த ஊரில் யார் கேட்பார்கள்?"

நீங்கள் மிகவும் நம்பியிருப்பது இந்த வழியை என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. புருஷனை இழந்த வீட்டில் மூத்த பிள்ளையும் இல்லாமல் போவதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்க இராணுவம் யாழ்ப்பாணத்துக்கு வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போகாது. அதற்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை. விடுமுறை முடிந்து திரும்பாத ஒருவரை நாடு கடத்தித் தரும்படி கேட்பதும் வழக்கமில்லை. இதுவரை உங்கள் உறவினர் சொன்னது சரி. அவர்கள் சொல்லாமல் விட்டது, உங்கள் மகன் இப்போது இலங்கைக் குடிமகன் அல்லர் என்பது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையர் ஒருவர் தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்றால்தான் இரண்டும் இருக்கும். அவர் அப்படி விண்ணப்பித்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆகவே உங்கள் வீட்டில், தான் பிறந்த வீட்டில், அவர் விசாவில் வந்த வெளிநாட்டவராக இருக்கிறார். எழுதவே நெஞ்சு கனக்கிறது. ஆனால் சட்டம் அப்படித்தான் பார்க்கும்.

வருகை விசா வழக்கமாக 30 நாளுக்குத்தான் கிடைக்கும். கடவுச்சீட்டை எடுத்து, கட்டுநாயக்கவில் குத்திய முத்திரையைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் தேதிகளை வைத்துப் பார்த்தால் அதுவும் முடிந்திருக்க வேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் உண்மையைச் சொல்லி, உரிய கட்டணத்தைச் செலுத்தி இதைச் சரிசெய்யலாம். புறப்படும் நாளன்று விமான நிலையத்தில் போய் நின்று சமாளிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே தாமதமாகி விமானம் போய்விட்டால் முப்பது நாள் கணக்கும் சேர்ந்து போய்விடும்.

"அவனிடம் பழைய இலங்கைப் பாஸ்போட்டும் அடையாள அட்டையும் இருக்கின்றன, அவற்றை வைத்து இருக்கலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இல்லாத குடியுரிமையை இருப்பதாகக் காட்டுவது இங்கே தனிக் குற்றம். ஒரு நாட்டுச் சட்டத்தோடு மல்லுக்கட்டும்போது இன்னொரு நாட்டுச் சட்டத்தையும் இழுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, "ஐந்து வருடம் போனால் வழக்கு காலாவதியாகிவிடும்" என்று கனடாவிலிருந்து மைத்துனர் சொன்னது. ஐந்து ஆண்டு என்ற வரம்பு சட்டத்தில் உண்டு. ஆனால் நீதியிலிருந்து தப்பி நிற்கும் காலத்தையும் அமெரிக்கா கைது செய்ய முடியாத நாட்டில் இருக்கும் காலத்தையும் அந்த ஐந்தில் சேர்க்கமாட்டார்கள். பத்து வருடம் இங்கே இருந்துவிட்டுப் போனாலும் கடிகாரம் அன்றைக்குத்தான் ஓடத் தொடங்கும். பொது மன்னிப்பையும் எதிர்பார்க்காதீர்கள். இலங்கைப் படைகளில் திரும்பாதவர்களுக்கு அவ்வப்போது பொது மன்னிப்புக் காலம் அறிவிப்பதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். 2024 ஏப்ரல், மே மாதங்களில்கூட அறிவித்தார்கள். அமெரிக்காவில் அந்த வழக்கம் இல்லை. வியட்நாம் போருக்குப் பிறகு 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் கொடுத்த மன்னிப்பும் கட்டாய ஆட்சேர்ப்பைத் தவிர்த்தவர்களுக்குத்தான். படையில் சேர்ந்தபின் ஓடியவர்களை அதில் சேர்க்கவில்லை.

மருத்துவச் சான்றிதழ்

ஊரில் ஒருவர் 'டெங்கு' என்று எழுதித்தர ஆயத்தமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் வேலைக்கு லீவு எடுக்க இப்படிச் செய்வது பலருக்குப் பழக்கம். யாரும் அதைப் பெரிய குற்றமாக நினைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அம்மா, கைகூப்பிக் கேட்கிறேன், அந்தத் தாளை வாங்காதீர்கள்.

கட்டளை அதிகாரிக்குத் தெரிந்தே பொய்யான கூற்றைக் கொடுப்பது அந்தச் சட்டக்கோவையில் 107ஆம் உறுப்புரைக் குற்றம். உச்ச தண்டனை ஐந்து ஆண்டுச் சிறையும் அவமதிப்பு விடுவிப்பும். இப்போது அவர் மீது இருக்கும் குற்றத்துக்கு ஆறு மாதம். அதை மறைக்கப் போடும் பொய்க்கு ஐந்து ஆண்டு. உங்களிடம் இருக்கும் உண்மை அத்தனை பலமுள்ளதாக இருக்கும்போது பொய் எதற்கு?

அந்த உண்மைக்கு வேண்டிய தாள்களைச் சொல்கிறேன், எடுத்து வையுங்கள். கணவரின் மரணச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள். அந்தியேட்டி அழைப்பிதழ், அதில் தேதியும் கீரிமலை என்ற இடமும் அச்சாகியிருக்கும். அன்று வெளியிட்ட கல்வெட்டு என்ற நினைவு மலரில் மகனின் பெயர் மூத்த பிள்ளையாக அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தையும் மொழிபெயர்த்துச் சேருங்கள். கொள்ளி வைத்த மகன் முப்பத்தோராம் நாள் கிரியையில் என்ன செய்ய வேண்டும் என்று கிரியை செய்த ஐயரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நான்கு வரி போதும். ரெக்சாஸ் படைத்தளத்தில் இருக்கும் அவருடைய கப்டனுக்கு அந்தியேட்டி என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்தால் மனம் மாறக்கூடிய விடயம் அது. கிராம சேவையாளரின் கடிதம், உங்களுடைய கிளினிக் கொப்பி, அவருடைய மூல விடுமுறைப் பத்திரம், வந்த விமானச்சீட்டு ஆகியவையும் வேண்டும். இவை ஏவோலை இல்லாமல் ஆக்கிவிடா. அவர் ஒரு தொலைபேசி அழைப்பில் விடுமுறையை நீடிக்கக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்தத் தவறு தவறுதான். ஆனால் என்ன தண்டனை, என்ன விடுவிப்பு என்று முடிவெடுப்பவர் முன்னால் வைக்க இதைவிட நல்ல சான்று கிடையாது. அந்தியேட்டி வரையான எட்டு நாளுக்கு இந்தத் தாள்கள் பதில் சொல்லும். அதற்குப் பிந்திய நாட்களுக்கு வேறு பதில் வேண்டும்.

அந்தப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். "சாப்பிடுவதில்லை, இரவில் நித்திரை இல்லை, அப்பாவின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சோம்பலும் அல்ல, பயம் மட்டும் அல்ல. இன்றோ நாளையோ அவரை யாழ் போதனா வைத்தியசாலையின் உளநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்குக்காக அல்ல, அவருக்காக. உயிரை வெறுத்துப் பேசினால் ஒரு நாளும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள். முப்பது நாளோ நூறு நாளோ, அதற்குமேல் எதுவும் பெரிதல்ல. உண்மையில் பார்த்த வைத்தியர் உண்மையில் கண்டதை எழுதித் தந்தால் அது வேறு வகைச் சான்றிதழ். அதை அவருடைய சட்டத்தரணி பயன்படுத்துவார். திரும்பிய பின்னரும் படைத்தளத்தில் உளநலப் பிரிவு உண்டு. படையின் மதகுருவிடம் சொல்வது இரகசியமாகவே இருக்கும். வேறு மதத்தவர் என்று தயங்க வேண்டாம். எல்லா மதத்தவரும் அவரிடம் போகலாம்.

"அவர்கள் பாட்டுக்கு நீக்கட்டும்"

கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இந்தக் கேள்வியில்தான் உங்கள் மகனுடைய அடுத்த முப்பது ஆண்டு இருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். 15ஆம் உறுப்புரைத் தண்டனை ஒரு குற்றத்தீர்ப்பு அல்ல. அது கட்டளை அதிகாரி கொடுக்கும் ஒழுக்காற்றுத் தண்டனை. அதை மறுத்து "நீதிமன்றத்தில் பார்ப்போம்" என்று கேட்கும் உரிமை அன்று அவருக்கு இருந்தது. தண்டனைக்கு எதிராக ஐந்து நாளுக்குள் மேன்முறையீடு செய்யவும் முடிந்திருக்கும். அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் "என் பிள்ளை குற்றவாளி ஆகிவிட்டான்" என்று நீங்கள் அழுததற்குக் காரணமில்லை.

சார்ஜன்ட் சொன்ன 'கடதாசி வேலை' வேறு. அது நிர்வாக முறையில் படையிலிருந்து நீக்குவது. அதில் நீதிபதி இல்லை, சிறை இல்லை. ஆனால் வெளியேறும்போது கையில் கொடுக்கும் டி.டி. 214 என்ற பத்திரத்தில் விடுவிப்பின் தரம் எழுதப்பட்டிருக்கும். நிர்வாக முறையில் முக்கியமாக மூன்று தரங்கள். முதலாவது மதிப்புடனான விடுவிப்பு. இரண்டாவது பொது விடுவிப்பு; அதுவும் மதிப்புக்கு உட்பட்டதுதான், ஆனால் படிப்புச் செலவை அரசு ஏற்கும் உதவித்திட்டம் கிடைக்காது. மூன்றாவது மதிப்புக் குறைவான விடுவிப்பு. அதோடு போனால் பெரும்பாலான சலுகைகள் அடிபடும். நல்ல வேலை கொடுப்பவர்களும் அந்தப் பத்திரத்தைக் கேட்டுப் பார்ப்பார்கள்.

உங்கள் மகனுக்கு மூன்றாவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர் குடியுரிமை பெற்றது படைச்சேவையின் பேரில். அப்படிப் பெற்றவர், மொத்தம் ஐந்து ஆண்டு மதிப்புடன் சேவை செய்வதற்கு முன் மதிப்புக் குறைவான விடுவிப்போடு வெளியேறினால், அந்தக் குடியுரிமையையே இரத்துச் செய்யும்படி அரசு நீதிமன்றத்தைக் கேட்கலாம். அவர் செய்தது மூன்று ஆண்டு. தானாக இரத்தாகாது, வழக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும். எல்லோருக்கும் அப்படிச் செய்வதும் இல்லை. ஆனாலும் இலங்கைக் குடியுரிமை ஏற்கெனவே போய்விட்ட ஒருவர் இதை ஒரு வரியில் கடந்து போகக் கூடாது. பொது விடுவிப்பு கிடைத்தாலோ இந்த ஆபத்து இல்லை.

ஆகவே படையை விட்டு வெளியேறுவாரா மாட்டாரா என்பதை இப்போது பேச வேண்டாம். பெரும்பாலும் வெளியேறத்தான் போகிறார். எந்தத் தாளோடு வெளியேறுகிறார் என்பதற்காக எல்லோரும் சேர்ந்து உழைக்க வேண்டும். 30 நாளுக்கு உள்ளே திரும்பினால் பொது விடுவிப்புக்குப் போராட நல்ல இடமிருக்கிறது. 30 நாளைத் தாண்டினால், நீதிமன்றத்துக்குப் பதிலாக மதிப்புக் குறைவான விடுவிப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று அவரே கேட்டு எழுதிக்கொடுத்து வெளியேறும் நிலைக்குத்தான் பலரும் தள்ளப்படுகிறார்கள்.

"ஆறு மாதம் போனால் அந்தத் தரம் தானாகவே நல்லதாக மாறிவிடும்" என்று சொன்னார்களாம். இந்தக் கதை அமெரிக்கப் படைத்தளங்களிலேயே பல ஆண்டுகளாக உலாவுகிறது; அதை நம்பிக் கையெழுத்திட்டவர்கள் நிறையப் பேர். தானாக எதுவும் மாறாது. விடுவிப்பு மீளாய்வுச் சபைக்கு 15 ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். இராணுவப் பதிவுகளைத் திருத்தும் சபை ஒன்றும் உண்டு, அதற்குத் தவறு தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டு. இரண்டிலும் காரணம் காட்டி, சான்று வைத்து, வெல்ல வேண்டும். முதலிலேயே நல்ல தரத்தை வாங்குவதைவிட அது பல மடங்கு கடினம்.

அங்கே போனதும் அவருக்கு உள்ள உரிமைகள்

இந்தப் பகுதியை மகன் தானே வாசிக்கட்டும்.

தம்பி, விசாரிக்கத் தொடங்குமுன் எந்தக் குற்றம் பற்றி விசாரிக்கிறார்கள் என்பதையும், பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் சொல்ல வேண்டியது அவர்களுடைய கடமை. 31ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. "சட்டத்தரணியைப் பார்த்த பிறகு பேசுகிறேன்" என்ற ஒரு வசனத்தை மரியாதையாகச் சொல்லுங்கள். சார்ஜன்ட் நல்லவராக, "என்னிடம் சொல், உதவி செய்கிறேன்" என்றாலும் அதே வசனம்தான். உங்கள் குணம் எனக்குத் தெரியாது. ஆனால் நம் பிள்ளைகள் பலர் மூத்தவர் கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள், அல்லது கோபத்தில் எதிர்த்துப் பேசுவார்கள். இரண்டும் வேண்டாம்.

தரைப்படையில் படையினருக்காகவே வாதாடும் தற்காப்புச் சட்டத்தரணிகளின் பிரிவு ஒன்று இருக்கிறது. அவர்கள் சீருடையில் இருந்தாலும் உங்கள் கட்டளை அதிகாரிக்குக் கீழே வேலை செய்வதில்லை. நீங்கள் சொல்வது அவர்களோடு நிற்கும். ஒரு டொலரும் கொடுக்க வேண்டியதில்லை. திரும்பிய முதல் நாளிலேயே அவர்களைக் கேளுங்கள்.

நீக்குவதற்கான அறிவித்தல் கைக்கு வந்தால், காரணம் என்ன, எந்தத் தரம் வரை போக நினைக்கிறார்கள் என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலில் அந்தத் தர வரியைப் பாருங்கள். மதிப்புக் குறைவான விடுவிப்பு என்று எழுதியிருந்தால், மூன்று பேருக்குக் குறையாத சபை ஒன்றின் முன் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அங்கே சட்டத்தரணியோடு நிற்கலாம், சாட்சிகளைக் கூப்பிடலாம். பொது விடுவிப்பு வரைதான் என்று எழுதியிருந்தால், ஆறு ஆண்டுச் சேவை இல்லாத உங்களுக்குச் சபை கிடைக்காது. எழுத்தில் பதில் கொடுக்கலாம், அந்தியேட்டித் தாள்கள் அங்கே பயன்படும். பதிலுக்கு வழக்கமாக ஏழு வேலை நாள். அதற்குள் பேசாமல் இருந்துவிட்டால் உரிமைகளைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

"இதில் கையெழுத்து வைத்தால் இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். வீட்டு நினைப்பில் இருக்கும் பிள்ளைக்கு அதைவிட இனிப்பான வசனம் இல்லை. அது பெரும்பாலும் சபை விசாரணையைக் கைவிடும் தாள். பொது விடுவிப்புக்குக் குறையாமல் தந்தால் மட்டும் சபையைக் கைவிடுகிறேன் என்று நிபந்தனையோடு எழுதிக்கொடுக்கும் முறையும் இருக்கிறது. அதைச் சட்டத்தரணி எழுதட்டும். அறிவித்தலைப் பெற்றுக்கொண்டேன் என்பதற்கு ஒரு கையெழுத்து, உரிமையைக் கைவிடுகிறேன் என்பதற்கு வேறு கையெழுத்து. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

காணியும் பயணமும்

அம்மா, தோட்டக் காணியை இப்போது ஈடு வைக்காதீர்கள். உங்கள் தம்பி நியூ ஜேர்சியில் விசாரித்த அலுவலகம் முற்பணமாகக் கேட்ட தொகையை வாசித்தேன். தனியார் சட்டத்தரணியை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இராணுவ நீதிமன்றத்தில் பெரிய குற்றச்சாட்டு வந்தால் அதைப் பற்றி யோசிக்கலாம். இன்றைய நிலையில், முதலில் இலவசச் சட்டத்தரணி கோப்பைப் பார்க்கட்டும். அந்தக் காணி வருமானத்தில்தான் இனி உங்கள் வீடும் இளையவளின் படிப்பும் ஓட வேண்டும். ஏவோல் நாட்களுக்கு அவருக்குச் சம்பளமும் வராது என்பதைக் கணக்கில் எடுங்கள்.

செய்ய வேண்டியதை ஒழுங்கில் சொல்கிறேன். சிம்மைப் போட்டு, படைப்பிரிவுக்கு அவரே அழைக்கட்டும். நீங்களோ மாமாவோ அல்ல. "நான் இலங்கையில் இருக்கிறேன், இன்ன தேதியில் இன்ன விமானத்தில் வருகிறேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. ஏன் பிந்தியது என்ற கேள்விக்கு, வந்து சட்டத்தரணியோடு பேசுகிறேன் என்றால் போதும். அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பி, அனுப்பிய நேரம் தெரியும்படி படம் எடுத்து வைக்க வேண்டும். தொடர்பு கிடைக்காவிட்டால் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் பாதுகாப்பு ஆலோசகரின் அலுவலகம் இருக்கிறது, அங்கே தெரிவிக்கலாம். பிறகு டிக்கெட். அதற்கு உங்கள் தம்பி பணம் அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். காணியைத் தொடாமல் அது முடியும். நியூ ஜேர்சியில் இறங்கி இரண்டு நாள் நின்றுவிட்டுப் போகலாம் என்ற யோசனை வேண்டாம். நேரே படைத்தளம் இருக்கும் நகரத்துக்கு எடுங்கள், முப்பதாம் நாளுக்குக் குறைந்தது மூன்று நாள் முந்தி போய்ச் சேரும்படி. விமானம் பிந்துவதற்கும் அமெரிக்க நேரக் கணக்குக்கும் அந்த இடைவெளி வேண்டும்.

பெரியப்பாவுக்கும் ஒரு வார்த்தை. கடமையை முடித்துவிட்டுப் போ என்று நீங்கள் அன்று சொன்னதில் பிழை காண நான் வரவில்லை. தம்பியின் பிள்ளைமேல் உள்ள உரிமையில் சொன்னீர்கள். இப்போது அவரைக் கட்டுநாயக்கவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவரும் நீங்கள்தான். தாயோடு அனுப்பினால் வாசலில் இருவரும் அழுது மனம் மாறிவிடுவார்கள். தாள்கள் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கைப்பையில் கொடுங்கள், மற்றதை வீட்டில் வையுங்கள். படைத்தளத்தில் கையளித்துவிட்டேன் என்ற செய்தி வந்ததும் அந்தத் தேதியையும் நேரத்தையும் எனக்கு அனுப்புங்கள். அவருடைய தற்காப்புச் சட்டத்தரணியின் பெயர் தெரிந்ததும், இங்கிருந்து அனுப்ப வேண்டிய மொழிபெயர்ப்புகளை நான் பார்த்து ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.